ஹெர்பேரியம் வேலைக்குப் போகிறேன் என்கிறாளே மகள்!

அன்புள்ள ஐயா,

தாவரவியல் இறுதியாண்டு படிக்கும் மகள், பி.எட். வேண்டாம், உலர்தாவரக் காப்பகமான ஹெர்பேரியத்தில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். காய்ந்த செடி ஒட்டிய தாள்களை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் செடியை அடையாளம் காண்பதோடு நிற்காமல், வரைபட வேலையையும் தரவு வேலையையும் சேர்த்துக் கற்றவர்களுக்கே இன்று வாய்ப்பு வருகிறது.

அந்தத் தாளின் கீழ்மூலையில் சேகரித்தவர் பெயர், எண், தேதி, இடம் எழுதிய சீட்டு இருக்கும். இந்தச் செடி இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒரு தாவரக் குடும்பத்தின் ஆயிரக்கணக்கான தாள்களை இப்படிப் படித்தால் அதன் பரவல் வரைபடம் கிடைக்கும். சொல்வது எளிது. 1930-இல் எழுதிய சீட்டில் ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால் அது எந்த இடம்? இன்றைய ஈரோடாக இருக்கலாம், திருப்பூராக இருக்கலாம், 1956-இல் மைசூர் மாநிலத்துக்குப் போன கொள்ளேகாலமாகக்கூட இருக்கலாம். சேகரித்தவரின் மற்ற தாள்களைத் தேதி வரிசையில் அடுக்கி, அவர் அந்த வாரம் எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க வேண்டும். தேக்கும் நொச்சியும் பழைய அலமாரிகளில் வெர்பினேசி குடும்பத்தில் இருக்கும். இன்றைய வகைப்பாட்டில் அவை லேமியேசி. கவனிக்காவிட்டால் இரண்டு குடும்பங்களின் வரைபடமும் தவறிவிடும். ஊட்டி, கொடைக்கானல் பகுதிகளில் சேகரித்தவர்கள் ஏராளம். பல சமவெளி வட்டங்களுக்கு யாரும் சரியாகப் போனதில்லை. வரைபடத்தில் வெற்றிடம் தெரிந்தால் அங்கே செடி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இந்த நிதானம் உங்கள் மகளிடம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இப்போது வருமானம். நிரந்தரப் பணியிடங்கள் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. பி.எஸ்.ஐ. என்கிற இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் பணிகள், கல்லூரி ஆசிரியர் பணி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், அழியும் இனங்களின் பட்டியல் தயாரிக்கும் ஆய்வுத் திட்டங்கள் ஆகியவையே முக்கிய வழிகள். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டம் வரை வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிராது. ஆனால் அந்தத் தேர்வு கடினமானது, எம்.எஸ்சி. முதலாண்டிலேயே தயாரிப்பைத் தொடங்கட்டும். பி.எட்.டைப் பிறகும் படிக்கலாம், அந்தக் கதவு மூடப்போவதில்லை.

விடுமுறையில் துறைத்தலைவரின் கடிதத்தோடு கோவை பி.எஸ்.ஐ. தென்மண்டல மையத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு சிறு குடும்பத்தை எடுத்து, சீட்டுகளை எக்செலில் ஏற்றி, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்கட்டும். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது, வகைப்பாட்டியல் ஆசிரியர் இருக்கும் துறையாகப் பார்த்துச் சேருங்கள். பல துறைகளில் அப்படி ஒருவர் இப்போது இல்லை.