ஊசி இருக்கட்டும், கண் ஏன் சிவந்தது?

கேள்வி: எனக்கு 31 வயது. குட்டியானை ஓட்டுகிறேன். ஏழெட்டு மாதமாக பெல்ட்டுக்குக் கீழே, பின்பக்கம் வலி. ஒரு வாரம் இடது பக்கம், மறு வாரம் வலது பக்கம். காலையில் ஒரு மணி நேரம் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாலு மூட்டை ஏற்றினால் விட்டுவிடும். மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறேன். எஸ்.ஐ. ஜாயின்ட் வலி (முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேருகிற மூட்டு), ஸ்கேன் பார்த்து ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். தண்டுவடத்தில் பட்டால் கால் போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். போன வருடம் மெட்ராஸ் ஐ வந்ததைத் தவிர வேறு நோய் இல்லை.
- வாசகர், காசிமேடு

பதில்: கால் போகாது. தண்டுவடம் விலா எலும்பு முடிகிற உயரத்தை ஒட்டியே முடிந்துவிடும். ஊசி இறங்குவது அதற்கு வெகு கீழே, பின்பாக்கெட்டுக்குச் சற்று மேலே. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்டுதான், கதிர்வீச்சு கிடையாது. ஊசி போகிற பாதை வெள்ளைக் கோடாகத் திரையில் தெரியும். ஆனால் எலும்பின் மேற்பரப்பைத்தான் அது காட்டும். மூட்டின் ஆழம் தெரியாது. அதனால் சிலருக்கு சி-ஆர்ம், அதாவது ஊசி போடும்போதே திரையில் படம் காட்டுகிற எக்ஸ்ரே, வைத்துப் போடுவார்கள். அதைக் காசு பிடுங்குவதாக நினைக்க வேண்டாம். மரமரப்பு மருந்து பரவி, சில மணி நேரம் கால் கனக்கலாம். அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள். யூடியூப் டாக்டருக்கு இவ்வளவு போதும்.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதியவை. மூட்டை தூக்கி வந்த வலி என்றால் தூக்கத் தூக்க ஏறும், படுத்தால் குறையும். உங்களுக்குத் தலைகீழ். வயதும் நாற்பதுக்குள். வலி பக்கம் மாறுகிறது. விடியற்காலையில் வலி எழுப்பிவிடுகிறதா? அப்புறம் அந்த மெட்ராஸ் ஐ. கண்ணில் பீளை கட்டி, வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டியிருந்தால் சரி, அது மெட்ராஸ் ஐதான். ஒற்றைக் கண் மட்டும் சிவந்து, பீளை இல்லாமல், உள்ளே வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் இருந்ததா? அது கண்ணுக்குள் வருகிற அழற்சி. இடுப்பு மூட்டையும் கண்ணையும் சேர்த்துத் தாக்குகிற நோய் ஒன்று உண்டு: ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு வளையாமல் போகலாம்.

இதற்கு ஊசி சில வாரமோ சில மாதமோ வலியைக் குறைக்கும், நோயை நிறுத்தாது. எனவே ஊசியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வாத நோய் நிபுணரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. எக்ஸ்ரே ஆரம்ப வருடங்களில் சுத்தமாக இருக்கலாம், எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். எச்.எல்.ஏ. பி27 என்கிற, இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் ரத்தப் பரிசோதனை மட்டும் எதையும் முடிவு செய்யாது, அதை நீங்களாகவே லேபில் எடுத்துக் கூகுளில் தேடாதீர்கள். கண் மறுபடி அப்படிச் சிவந்தால் சொட்டு மருந்து வாங்காமல், அன்றே எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

செட் மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். பெயர் தெரியாத நாலைந்து மாத்திரையில் ஒன்று பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும், இன்னொன்று வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் வலி மாத்திரை. ஆனால் மாதக்கணக்கில் எடுத்திருந்தால் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மீதி இருப்பதை அந்தக் காகிதப் பொட்டலத்தோடே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டி, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.