லாரி போயாச்சு, படபடப்பு ஏன் போகல?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி உரசினாற்போல் வந்ததும் கால் சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டது; ஆனால் திருவொற்றியூர் வந்தும் கை நடுக்கம் அடங்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிதிக்கவைத்தது நரம்பு. தசைக்குப் போகும் தடித்த நரம்பில் மின்துடிப்பு நொடிக்குச் சுமார் 40 முதல் 60 மீட்டர் வேகத்தில் ஓடும். போய்ச் சேர்ந்த தசையோடு அதன் வேலை முடிந்தது.

நடுக்கம் அட்ரினலின் என்ற ஹார்மோனின் கைவரிசை. அதையும் கிளப்பிவிடுவது நரம்புதான்: தண்டுவடத்திலிருந்து வரும், ஆபத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்பு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியைத் தூண்டும். சுரப்பி ரத்தத்தில் கொட்டும் அட்ரினலினை, அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள உறுப்பெல்லாம் வாங்கிக்கொள்ளும். இதயம் அடித்துக்கொள்ளும், கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடும், விரல் நடுங்கும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 2, 3 நிமிடம் ஆகும்.

பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வரும். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரீனலின் வெளிப்பகுதிக்குச் சொல்லி, ரத்தத்தில் உச்சம் தொட 20, 30 நிமிடம். சர்க்கரை நோயாளி அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தால் அளவு ஏறியிருக்கலாம். அதை நம்பி மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள்.

பயமே இல்லாமல் அடிக்கடி படபடத்து, எடையும் இறங்கினால் அது வேறு கதை. டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்து தைராய்டைப் பாருங்கள்.