இடிபாட்டை அள்ளும் முன்

வணக்கம்.

தொல்லியலில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் களப்பயிற்சி விளம்பரங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. சில வாரங்களுக்கே கட்டணம் லட்சங்களில். எல்லாவற்றிலும் 'மரபுப் பாதுகாப்பு' என்று போட்டிருக்கிறார்கள். குழி போடவும் மண்ணடுக்கு வரையவும் தெரிந்தால் போதாதா? இவர்கள் புதிதாக என்ன சொல்லித் தருகிறார்கள்? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

போதாது. பாதுகாப்புப் பயிற்சி என்றால் முக்கால்வாசி பதிவு வேலைதான். தோண்டுவது அதில் கொஞ்சம், அதுவும் வேறு காரணத்துக்காக.

காத்மாண்டுவில் உள்ள பழைய மர மண்டபமான காஷ்டமண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சரிந்தது. உள்ளே ஆட்கள் சிக்கியிருந்ததால் இயந்திரங்களை இறக்கினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடிபாட்டை அள்ளிவிட்டால் எந்த உத்தரம் எந்தத் தூண்மேல் இருந்தது என்ற தடமும் அதோடு போய்விடும். நேபாளத் தொல்லியல் துறையும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் யுனெஸ்கோ ஆதரவோடு அங்கே அகழாய்வு செய்தன. 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று கருதப்பட்டதன் செங்கல் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டு வரை பின்னே போனது. அதைவிட முக்கியம், அந்த அடித்தளம் உறுதியாகவே இருந்தது. கோளாறு மேலே: நடுத்தூண்கள் நான்கில் வடகிழக்குத் தூண் பீடக்கல்லில் அமராமல் நின்றிருந்தது. பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போடு என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அகழாய்வு அங்கே பொறியாளருக்காக நடந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெற்றவர் முதலில் இடிபாட்டின் மேல் கட்டம் போடுவார். ஒவ்வொரு கட்டத்தையும் ஸ்கேல், வடக்கு அம்பு வைத்துப் படமெடுத்த பிறகுதான் ஒரு கல் நகரும். மரத்துண்டுக்கு எண் எழுதிய லேபிளைக் கயிற்றால் கட்ட வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது, செதுக்கிய முகத்தில் பெயின்ட் கூடாது. சாதாரண மார்க்கர் பேனா வெயிலில் வெளுத்துவிடும், இரண்டே மாதத்தில் எண்ணில்லாத மரக்குவியல்தான் மிஞ்சும். அடுக்கும்போது தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டம் விட்டு, மேலே மட்டும் கூரை போட வேண்டும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். தூணின் அடியில் உள்ள கழுந்தை, அதாவது பீடக்கல்லின் குழியில் இறங்கும் முனையை, தனியாகப் படமெடுக்க வேண்டும். அது உளுத்ததா, முறிந்ததா என்பதில்தான் கட்டடம் ஏன் விழுந்தது என்பது தெரியும்.

போக முடியாத இடங்களுக்கு வேறு வழி. ஆக்ஸ்ஃபோர்டு, லெஸ்டர், டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் 'ஈமீனா' திட்டம் 2015இல் தொடங்கியது. மேற்காசிய, வட ஆப்பிரிக்கத் தொல்லிடங்களைச் சாட்டிலைட் படங்களில் கண்காணிக்க அந்தந்த நாட்டுத் தொல்லியல் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பழம்பொருள் திருடத் தோண்டிய திருட்டுக்குழி படத்தில் கருநிழலாகவும் சுற்றிலும் அள்ளிப்போட்ட மண்வளையமாகவும் தெரியும். புதியவர்கள் மரம் நடத் தோண்டிய குழிகளையும் திருட்டு என்று குறித்துவிடுவார்கள். மரக்குழிகள் வரிசை பிடித்து இருக்கும், திருடன் வரிசை பார்ப்பதில்லை. ஒரே படத்தை நம்பாமல் வெவ்வேறு தேதிப் படங்களை ஒப்பிட வேண்டும். 'உறுதி', 'இருக்கலாம்' என்று நம்பகத்தை எழுதாத பதிவை அடுத்தவர் பயன்படுத்த முடியாது.

நம்மூருக்கு நேரடியாகப் பொருந்துவது பொருள் பதிவு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. 2014இல் திரும்பி வந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம் இல்லாவிட்டால் அவர் நம் கோயிலுக்குரியவர் என்று நிறுவியிருப்பது மிகக் கடினம். 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற பதிவுமுறையில் அளவு, உலோகம், எழுத்து இவற்றோடு தனி அடையாளத்துக்கும் ஓர் இடம் உண்டு. திருவாசியில் ஒடிந்த சுடர், வார்ப்புக் குறை, ஒட்டுப்போட்ட இடம், இவைதான் ஒரே பாணியிலான இரண்டு படிமங்களைப் பிரித்துக் காட்டும். மாலையும் பட்டும் சாத்திய முகப்புப் படம் ஒன்றுக்கும் உதவாது. பின்புறமும் பீடமும் வேண்டும்.

இனி தேர்வு. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பதிவு, கிடங்கு, சட்டம் (போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்தைக் காக்கும் 1954 ஹேக் ஒப்பந்தம், அதன் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் 1970 யுனெஸ்கோ ஒப்பந்தம்) மூன்றுக்கும் எத்தனை நாள்? அகழாய்வு உரிமம் யார் பெயரில்? கண்டெடுத்தவை எங்கே வைக்கப்படும்? உள்ளூர் ஊழியர்கள் கூடப் படிக்கிறார்களா, கூலிக்கு மண் சுமக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அது படித்தவர்களுக்கான சுற்றுலா, அவ்வளவுதான். அதற்கு லட்சம் கொடுக்க வேண்டாம்.

மரபுப் பாதுகாப்புக்காக ரோமில் இயங்கும் பன்னாட்டு அமைப்பான இக்ரோமின் பயிற்சிகள் தரமானவை. ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே இத்துறையில் வேலை செய்பவர்களை எடுக்கிறார்கள். ஆகவே முதலில் அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ ஓராண்டாவது பதிவு வேலை செய்யுங்கள். நடுவில், கூகுள் எர்த்தில் உங்கள் மாவட்டத்துத் தொல்மேடு ஒன்றின் பழைய படங்களைத் தேதிவாரியாகப் பார்த்து, என்ன அழிந்தது, எதனால், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து அனுப்பலாம்.