பெர்லினில் பிடித்த கூத்து

அன்புள்ள ஐயாவுக்கு,

மென்பொருள் வேலையாக மூன்று வருடம் பெர்லினில் இருந்துவிட்டுத் தை மாதம் ஊர் திரும்பினேன். சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம். பெர்லினில் இருந்தபோது வாரம் ஒரு நாடகமாவது பார்த்துவிடுவேன். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தொடங்கிய பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவின் அரங்கில் ஒருநாள் ஒரு நடிகர் வேடத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்து எங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். எனக்கு எங்கள் ஊர்க் கூத்தில் கதைக்கு நடுவே ஜனங்களோடு பேசும் கட்டியங்காரன் ஞாபகம் வந்துவிட்டது. தாத்தா மடியில் தூங்கித் தூங்கி விழித்துப் பார்த்த கூத்து. அன்றிலிருந்து ஒரே நினைப்பு. நம் கூத்துக் கலைஞர்களை வைத்து, எழுபது நிமிடத்தில், நல்ல ஒளியமைப்போடு 'கர்ண மோட்சம்' கூத்தை மேடையேற்ற வேண்டும். ஒரு வருடத்துக்கான சேமிப்பு கையில் இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா? நண்பர்கள், "வெளிநாட்டு மிதப்பு, ஆறு மாசத்துல தெளிஞ்சிடும்" என்கிறார்கள். அப்படித்தானா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிதப்பு இருக்கத்தான் செய்யும். அது தெளியும், தெளியட்டும். எனக்கு அதில் பயமில்லை. அந்த எழுபது நிமிடம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நாடக இயக்குநர் ஹபீப் தன்வீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பாதையில் உங்களுக்கு முன்பே போய்த் திரும்பியவர்.

ராய்ப்பூர்க்காரர். பம்பாயில் இடதுசாரி நாடக இயக்கத்தில் இருந்துவிட்டு டெல்லி வந்தவர். 1954இல் நசீர் அக்பராபாதி என்ற பழைய உருதுக் கவிஞரை வைத்து ஒரு நாடகம் போட்டார். அதில் ஜாமியா மில்லியா மாணவர்களோடு பக்கத்திலிருந்த ஓக்லா கிராமத்து ஜனங்களையும் மேடையேற்றினார். மறு வருடம் இங்கிலாந்து. லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் டிரமாடிக் ஆர்ட், பிறகு பிரிஸ்டலில் இயக்குநர் பயிற்சி. அது முடிந்ததும் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். பிரெக்டைப் பார்க்கவேண்டும் என்று பெர்லின் போய்ச் சேர்ந்தால், மனிதர் 1956 ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். தன்வீர் திரும்பிவிடவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, நீங்கள் சொல்லும் அதே குழுவின் நாடகங்களையும் ஒத்திகைகளையும் பார்த்தார்.

1958இல் ஊர் திரும்பியதும் ராய்ப்பூரில் விடிய விடிய நடந்த 'நாச்சா'வுக்குப் போய் உட்கார்ந்தார். சத்தீஸ்கர் பக்கத்து நாட்டார் நாடகம், ஏறக்குறைய நம் கூத்து மாதிரிதான். பார்த்ததும் ஆறு கலைஞர்களை டெல்லிக்கு அழைத்துவந்து, சூத்ரகரின் 'மிருச்சகடிகம்' என்ற பழைய சமஸ்கிருத நாடகத்தில் நடிக்கவைத்தார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

இங்கேதான் சிக்கல். லண்டனிலும் பிரிஸ்டலிலும் கற்ற பாடப்படி, 'இந்த வசனத்துக்கு இங்கே நில், அந்த வசனத்துக்குக் குறுக்கே நடந்து அங்கே போ' என்று கோடு போட்டுக் கொடுத்தார். இரவெல்லாம் ஆயிரம் பேரைக் கட்டிப்போடும் ஆட்கள் மேடையில் கட்டையாக நின்றார்கள். நாச்சாவில் நடிகன் நிற்கும் இடம் ஆள் சிரிக்கும் இடத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் கைதட்டல் விழுந்தால் அந்தப் பக்கம் போய் அதையே இன்னொரு தரம் செய்துவிட்டு வருவான். அவனிடம் இடம் வலம் பார்க்கச் சொன்னால்? போதாதற்கு அவர்கள் பேசவேண்டியிருந்தது இந்தி. வாயில் வருவதோ சத்தீஸ்கரி. இது புரிய தன்வீருக்குப் பல வருடமாயிற்று. பின்னாளில் அவரே இதைப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 1973இல் ராய்ப்பூரில் நாச்சாக் கலைஞர்களோடு ஒரு பட்டறை நடத்தினார். சத்தீஸ்கரியிலேயே பேசவிட்டார், அவர்கள் போக்கில் ஆடவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் கூடிவந்தது. 1975இல் சரண்தாஸ் சோர். 1982இல் எடின்பரோவில் அதே நாடகம், அதே சத்தீஸ்கரியில், விருது வாங்கியது.

பெர்லினிலிருந்து ராய்ப்பூர்ப் பட்டறைக்கு வந்துசேரப் பதினைந்து வருடத்துக்கு மேல். உங்கள் சேமிப்பு ஒரு வருடத்துக்கு.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஓக்லா ஜனங்களை மேடையேற்றியது அவர் கப்பல் ஏறுவதற்கு முன்னால் என்பதைக் கவனியுங்கள். ஆசை உள்ளூரிலேயே முளைத்தது. பெர்லின் அதற்குத் தைரியம் கொடுத்தது. உங்களுக்கும் தாத்தா மடி இருக்கிறது, அதனால் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் போன இடம் தைரியத்தோடு ஒரு கைப்பழக்கத்தையும் கொடுத்து அனுப்பும். எழுபது நிமிடம் என்பது அந்தப் பழக்கம். பெர்லினில் கடைசி ரயிலுக்கு முன்னால் நாடகம் முடிந்தாக வேண்டும். செஞ்சியில் யாருக்கு அவசரம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டியங்காரனைப் பார்த்து 'பிரெக்ட்!' என்று கூவாதீர்கள். 1935இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரைப் பார்த்து அசந்துபோய், அதற்குப் பிறகு சீன நடிப்பைப் பற்றி எழுதியவர் பிரெக்ட். கட்டியங்காரனுக்கு அவருடைய சான்றிதழ் தேவையில்லை.

நம்மவர் ஒருவர் பெயரும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஏ. கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் யோசனை அவருக்கு வந்தது. கப்பலில் யோசனை வருவது பெரிய விஷயமில்லை, வேறு வேலை கிடையாது. இறங்கிய பிறகு கண்டம் கண்டமாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காந்தி படச்சுருள்களைத் தேடித் தேடி ஐம்பதாயிரம் அடி சேர்த்தார். போர் தொடங்கிவிட்ட காலத்தில், 1940இல், படம் வெளியானது. மூன்று வருடம்! சமர்த்தர்தான். ஆனால் செட்டியார் தேடியது பெட்டிக்குள் இருந்த பிலிம். உங்களுக்கு வேண்டியது மனிதர்கள். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையை விடாதீர்கள், இப்போதைக்கு. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைக்குமென்றால் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போங்கள். பங்குனியில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும், ஆடி வரைக்கும் உங்கள் பக்கத்து ஜமாக்களுக்கு, அதாவது கூத்துக் குழுக்களுக்கு, ஓய்வு ஒழிச்சல் இருக்காது. ஏதாவது ஒரு ஜமாவின் வாத்தியாரைப் பிடித்து, கூடவே வருகிறேன் என்று கேளுங்கள். படம் பிடிக்கவேண்டாம், பேட்டி எடுக்கவேண்டாம். சாயங்காலம் வேன் கிளம்பும்போது ஏறிக்கொள்ளுங்கள். வேஷத்துக்கான மரக் கட்டைகளைக் கட்டிக்கொள்ளும் இடத்தில் உட்காருங்கள். புஜக்கட்டையையும் கிரீடத்தையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டும்போது ஒரு ஆள் முதுகில் முட்டி கொடுத்துப் பிடிக்கவேண்டியிருக்கும், அந்த ஆளாக இருங்கள். மூன்று மணிக்கு ஜனம் சாய்ந்து தூங்கும்போது பின்பாட்டுக்காரர் என்ன செய்கிறார், எந்த இடத்தில் முகவீணை என்ற குழலின் சத்தம் மேலே ஏறுகிறது, யார் எழுந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். தாத்தா மடியில் நீங்கள் தூங்கித் தூங்கி விழித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இடம் விட்டுத்தான் இந்த ஆட்டம் கட்டப்பட்டிருக்கிறது. அதை எழுபது நிமிடத்தில் எங்கே வைப்பீர்கள்?

ஒரு பருவம் இப்படிப் போன பிறகும் எழுபது நிமிடம்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். அப்போது எதை வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுவீர்கள். சுருக்குவதே பாவம் என்று சொல்லும் ஆள் நானில்லை. 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற குழுவைத் தொடங்கியபோதும் நவீன நாடகம்தான் போட்டார். ஆனால் அவருடைய நடிகர்கள் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் அடவு கற்றார்கள்.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒத்திகைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு அவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல். 'கலைக்காக' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். விளக்குகளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தச் செலவைக் கடைசியில் வையுங்கள்.

உங்கள் பக்கத்து ஜமா எது என்று எழுதவில்லையே?

அன்புடன்.