வேலூர்ப் பக்கம் லெட்டர்பாக்ஸிங்: முதல் பெட்டியை எங்கே வைப்பது?

கேள்வி: சத்துவாச்சாரியில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. இங்கிலாந்தில் வேலை செய்யும் என் தம்பி, குடும்பத்தோடு லெட்டர்பாக்ஸிங் போன படங்களை அனுப்பியிருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். கோட்டையிலோ அமிர்தியிலோ ஒரு பெட்டியை ஒளித்து வைக்கலாமா? வெயில், பாம்பு, குரங்கு என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. என் அப்பாவுக்கு ஒடுகத்தூர் பக்கம் கொஞ்சம் கொல்லை இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பதில்: கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தக் கொல்லையிலிருந்தே தொடங்குங்கள். கோட்டையும் அமிர்தியும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு என்று இரண்டு வரி. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று பெரிய மேட்டு நிலம் இருக்கிறது. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே நடந்து போய்ச் சேரவே சிரமமான கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அதுவரை வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். பின்னால் கடிதங்களைப் போடும் வழக்கம் வந்தது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் சேர்ப்பார். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்று பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் இருக்கும். தேடி வருகிறவர் தன் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் பதிப்பார், பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். அவ்வளவுதான். 2000-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோகேச்சிங் இதற்குத் தம்பி முறை. அதில் ஜிபிஎஸ் கருவி வழி சொல்லும், இதில் எழுதி வைத்த குறிப்பு வழி சொல்லும்.

இனி இடம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் கல் இடுக்கில் எதையும் செருகக் கூடாது. பிள்ளைகள் கல்லைப் பெயர்த்துப் பார்க்கப் பழகிவிட்டால் அது இன்னும் மோசம். டார்ட்மூரிலேயே பழைய கல் வரிசைகளிலும் கற்சுவர்களிலும் பெட்டி வைக்கக் கூடாது என்பது முதல் ஒழுங்கு. அமிர்தியைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் பாதையை விட்டு உள்ளே போவதே குற்றம். காட்பாடி ரயில் நிலையம், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் ஆளில்லாப் பெட்டி கிடந்தால் காவல்துறைதான் முதலில் திறந்து பார்க்கும். கேட்டு அனுமதி வாங்கக்கூடிய, முகம் தெரிந்த ஒருவரின் நிலம்தான் நமக்குச் சரியான இடம். நிலத்துக்காரரே பெட்டிக்குக் காவலாகவும் ஆகிவிடுவார். உங்களுக்கு அப்பாவே இருக்கிறார். பேரப்பிள்ளைகள் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு யாரோ ஒரு குடும்பம் கொல்லை வாசலில் வந்து நின்றால், அவருக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை நினைத்துப் பாருங்கள்.

கோட்டையை விட மனமில்லையா, அதற்கும் வழி இருக்கிறது. குறிப்பைக் கோட்டையில் வையுங்கள், பெட்டியை வேறு இடத்தில் வையுங்கள். ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. அகழியை ஒட்டி நடந்து மூன்றையும் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். பிறகு, 'சிப்பாய்கள் எழுந்த ஆண்டின் இலக்கங்களைக் கூட்டு' என்று எழுதுங்கள். 1806, கூட்டினால் 15. உங்கள் மாடியில் வரிசையாக இருக்கும் தொட்டிகளில் 15-ஆவது தொட்டியின் பின்னால் பெட்டி. விரிஞ்சிபுரத்திலும் இப்படிச் செய்யலாம். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்ற சொலவடையைச் சொல்லி மதிலைப் பார்க்க வையுங்கள். உள்ளே நேரம் காட்டும் கல்லைத் தேட வையுங்கள். வெயில் இருக்கும்போது அதன் மேல் ஒரு குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்பதே அடுத்த குறிப்பின் எண். பெட்டி மட்டும் கோயிலுக்குள் போகக் கூடாது. தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்து வைத்துவிட்டு, சரியான சொல்லைச் சொன்னால் தரச் சொல்லலாம்.

இந்த விளையாட்டின் உயிர் குறிப்பில்தான் இருக்கிறது, பெட்டியில் இல்லை. விடுகதை போட்டு வளர்ந்த நமக்கு அது கைவந்த கலை. உங்கள் கொல்லைக்கு இப்படி எழுதலாம்:

'காலையில் வா. முதுகுக்குச் சூரியனைக் கொடு, நிழல் முன்னால் நடக்கும். மூன்று பேர் தலைவிரித்து நிற்பார்கள். மூவரில் நுங்கு தராதவர் யார் என்று தாத்தாவைக் கேள். அவர் காலடியில் நின்று மோட்டார் கொட்டாயைப் பார். உன் காலடியில் இருபத்திரண்டு வை. வயிறு குப்புறப் படுத்திருக்கும் பானையிடம் கேள்.'

நுங்கு தராதது ஆண் பனை. நகரத்துப் பிள்ளைக்கு அது தெரியாது, யாரையாவது கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்க வைக்கும் குறிப்புதான் நல்ல குறிப்பு. ஒரு திருத்தம் மட்டும். 'உன் காலடி' என்று விட்டால் பெரியவர் வைக்கும் இருபத்திரண்டு எங்கேயோ போய் நிற்கும். 'எட்டு வயதுப் பிள்ளையின் காலடி' என்று எழுதி, மகளை நடக்க வைத்தே எண்ணுங்கள். நிழலை நம்பி எழுதினால் மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை நிழல் வடமேற்கே சாயும். ஆனியில் அதே நிழல் தென்மேற்கே போகும். வருடம் முழுக்கச் செல்லுபடியாக வேண்டும் என்றால் திசைகாட்டி வைத்து எழுதுவதே மேல். மோட்டார் பக்கத்தில் நின்று மட்டும் அளக்காதீர்கள், இரும்பைக் கண்டால் முள் தடுமாறும்.

முத்திரையைக் கடையில் செய்யக் கொடுக்காதீர்கள். பெரிய அழிரப்பர் ஒன்று போதும். முதலில் ஓர் உருளைக்கிழங்குத் துண்டில் பழகட்டும். படத்தை மென்மையான பென்சிலால் தாளில் அழுத்தி வரைந்து, தாளைக் கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து நகத்தால் தேயுங்கள். படம் ரப்பரில் இடவலமாக மாறி ஏறும். பதிக்கும்போது நேராக வந்துவிடும். தமிழ் எழுத்து செதுக்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ரப்பரில் நேரடியாகவே எழுதிவிடுவார்கள், பதித்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். வெட்டும்போது கத்தியைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடியுங்கள். கோட்டின் அடி அகலமாக இருந்தால்தான் அழுத்தம் தாங்கும். அடியைக் குடைந்துவிட்டால் நாலாவது முறை பதிக்கும்போதே பிய்ந்துவிடும். கத்தி உங்கள் கையில் இருக்கட்டும், பிள்ளைகள் வரையட்டும். என்ன வரைவது என்று கேட்டால் நான் நம்மூர் முள்ளு கத்திரிக்காயைத்தான் சொல்வேன். உருண்டை உடம்பு, காம்பில் நாலு முள், எட்டு வயதுக் கைக்கும் எளிது, பார்த்தவுடன் எந்த ஊர் என்றும் தெரிந்துவிடும்.

பெட்டிக்கு, ரப்பர் வளையம் உள்ள மூடியோடு நான்கு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். முத்திரைக்கு ஒரு ஜிப் கவர், நோட்டுக்குத் தனியாக ஒரு ஜிப் கவர். மூடி மேல் 'இது குடும்ப விளையாட்டுப் பெட்டி, திறந்து பார்க்கலாம், இங்கேயே வைத்துவிடவும்' என்று தமிழில் எழுதி ஒரு போன் எண்ணும் போடுங்கள். ஸ்டாம்ப் பேடை உள்ளே விடாதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்து கட்டையாகிவிடும், வருகிறவர் கொண்டு வரட்டும். மிட்டாய், பிஸ்கட் எதுவும் வேண்டாம். குரங்கு ஒரு தடவை இனிப்பு கண்ட டப்பாவை மறுபடி விடாது, எறும்பும் அப்படித்தான்.

பாம்பு பயம் நியாயமானது. நம் பக்கத்துப் பாறை நிலத்தில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் உண்டு. அதனால் கல் பொந்து, வேலி அடி, சருகுக் குவியல், சுள்ளிக் கட்டு எதிலும் பெட்டியை வைக்காதீர்கள். கை விட்டுத் துழாவ வேண்டிய இடமே கூடாது. கிட்டே போனதும் கண்ணில் படுகிற மாதிரி, பிள்ளையின் மார்பு உயரத்தில், மரக் கவட்டையிலோ திண்ணை மேல் கவிழ்த்த பானைக்கு அடியிலோ வையுங்கள். பானையைக் குச்சியால் தட்டி, சாய்த்துப் பார்த்த பிறகே கை போக வேண்டும். இதைக் குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். எல்லோருக்கும் ஷூ. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் முதல் பெட்டியைப் பாலாற்றங்கரையில் ஒரு சிறு பாலத்தடியில் வைத்தோம். வருடக்கணக்கில் மணலாகவே பார்த்த ஆறு, தண்ணீர் வராது என்று நம்பினோம். 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வந்தது. பெட்டி போனதை விட, அதில் இருந்த நோட்டில் பிள்ளைகள் பதித்திருந்த பக்கங்கள் போனதுதான் இன்னமும் வலிக்கிறது. அதிலிருந்து மாதம் ஒரு முறை நோட்டைப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஆவணி பிறந்தாலே பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். மழை ஓய்ந்து மார்கழியில் திரும்ப வைப்போம். மார்கழி தொடங்கி மாசி வரை, காலை ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டால் வெயில் தொந்தரவே இல்லை.

ஒரே குடும்பம் வைத்து ஒரே குடும்பம் தேடினால் இரண்டாம் வாரம் சலித்துவிடும். பிள்ளைகளின் வகுப்பில் மூன்று நான்கு வீட்டாரைச் சேருங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒருவர் ஏலகிரியில் உறவினர் தோட்டத்தில், ஒருவர் குடியாத்தத்தில் மாங்கொல்லையில் என்று வைக்கட்டும். குறிப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இன்லேண்டு லெட்டரில் எழுதித் தபாலில் போட்டுப் பாருங்கள். தபால்காரர் கொடுத்த நீலக் கடிதத்தை உங்கள் மகள் ஓரம் கிழியாமல் பிரிக்கப் பழகுவதற்கே இரண்டு கடிதம் ஆகும்.