மிட்டாய் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் கிராமத்தில் குடியரசு தினம் என்றால் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு சரி. ஜனநாயகத்தைக் காப்பாற்ற என்னைப் போன்ற சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்?

பதில்: அன்றைக்கே கிராம சபை கூடுமே, போயிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூடும் அந்தச் சபையில், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருமே உறுப்பினர்கள்தான், தனியாக யாரும் வந்து அழைக்க வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். தெருவிளக்குக்கு என்று ஒரு தொகை வந்தால், எந்தத் தெருவில், எந்தக் கம்பத்தில் மாட்டினீர்கள் என்று எழுந்து கேளுங்கள். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை. அப்புறம், தீர்மானத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. வெற்றுத் தாளை நீட்டினால், நீட்டுகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.