பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் ‘செல் குழாய்’ பொருத்தும் சிகிச்சை இப்போது கிடைக்கிறதா?

வள்ளியூரில் இருக்கும் தம் மாமனாருக்காக ஒருவர் இங்கே கேட்டிருக்கும் கேள்வி இது. வழக்கமான சிகிச்சையாக எங்கும் இல்லை என்பதே பதில். நான் மருத்துவன் அல்லன். பாளையங்கோட்டையில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் அண்ணனுக்கு ஒன்பது ஆண்டுகளாக இந்நோய் இருப்பதால், இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்திருக்கிறேன்.

பனங்காட்டு ஊர்க்காரர்களுக்குப் பன்னாடையைக் காட்டினாலே இந்தக் குழாயின் கருத்து விளங்கிவிடும். பதநீரை வடிக்கும்போது, மட்டையடியில் உரித்தெடுத்த அந்த நார்வலை, ஈயையும் எறும்பையும் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் கீழே விடும். (இவ்வளவு பயன்படும் பொருளை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.) செல்களை அடைத்த மெல்லிய குழாயின் சுவரும் அத்தகையதே; ஆக்சிசனும் குளுக்கோசும் உள்ளே போகும், செல்கள் சுரக்கும் புரதம் வெளியே வரும், அயல் செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்பு அணுக்களோ உள்ளே நுழைய முடியாது. நரம்புகளைக் காக்கும் புரதங்களை ஊசியில் செலுத்தினால் அவை இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் கடப்பதில்லை என்பதால்தான், அவற்றைச் சுரக்கும் செல்களையே அங்கே குடியமர்த்த நினைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் பாட்ரிக் ஏபிஷர் குழுவினர் ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) நோயாளிகள் ஆறு பேரின் முதுகுத்தண்டு நீரில் இத்தகைய குழாய்களை வைத்து, புரதம் சுரப்பதை 1996இல் காட்டினார்கள். பிரான்சில் ஹண்டிங்டன் (மூளைச் செல்கள் அழியும் பரம்பரை நோய்) நோயாளிகள் ஆறு பேருக்கு மூளையின் நீர் நிறைந்த உள்ளறைக்குள் வைத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். 2004இல் வெளிவந்த முடிவின்படி, வெளியே எடுத்த 24 குழாய்களில் 13இல் சுரப்பு குறைந்திருந்தது. என் பார்வையில் சிக்கலின் முடிச்சே அங்குதான் இருக்கிறது: உள்ளே வைப்பதைவிட, வைத்த செல்களை உயிரோடு வைத்திருப்பதே கடினம். பார்க்கின்சனுக்கு நியூசிலாந்தில் பன்றியின் மூளைச் செல்களைக் கடற்பாசிக் கூழ் உருண்டைகளில் பொதிந்து சோதித்தார்கள். 18 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2017இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

இம்முறை வென்ற இடம் கண். விழித்திரையின் ஒரு நோய்க்கு, புரதம் சுரக்கும் செல் குழாயை 2025 மார்ச்சில் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அதுவும் சேதத்தை மெதுவாக்குகிறதே தவிர, போன பார்வையை மீட்பதில்லை.

இவ்வளவும் சொல்லக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மையத்தின் முகவர் அண்ணன் வீட்டுக்கு வந்து, ஸ்டெம் செல் (பிற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசிக்கு ஆறு லட்சம் ரூபாய் என்றார். “வேண்டாத விளைவு வந்தால் அந்தச் செல்களைத் திரும்ப எடுக்க முடியுமா?” என்று கேட்டேன். குழாய் முறையின் பெரிய பாதுகாப்பே, தேவையானால் முழுதாக உருவிவிடலாம் என்பதுதான்; அவருடைய ஊசிக்கு அந்த வழி இல்லை. கேள்விக்கு விடை சொல்லாமல் தள்ளுபடியைப் பற்றிப் பேசினார். ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிகளின்படி, நரம்பு நோய்க்கான ஸ்டெம் செல் முறை ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மதினி அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அண்ணன் இன்றும் பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையில்தான் இருக்கிறார். உணவின் புரதம் அம்மருந்தோடு போட்டியிடும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, காலை மாத்திரையை இட்லிக்கு அரை மணி நேரம் முன்பே மதினி கொடுத்துவிடுகிறார்; சட்டைப் பொத்தானை அண்ணனே போட்டுக்கொள்ளும் நாட்கள் கூடியிருக்கின்றன.